அடித்தல் திருத்தல் இல்லை

"இருபத்திரண்டு வருஷமா எழுதுறேன் சார். என் ரிஜிஸ்தர்ல ஒரு அடித்தல், ஒரு திருத்தல், ஒரே ஒரு மை தீத்தல் காட்டுங்க. காட்டிட்டா அன்னிக்கே வேலைய விட்டுட்டு கரையான்சாவடி ரோட்டுல பஞ்சர் கடை வைக்கிறேன். கடைக்கு போர்டும் நானே எழுதிக்குவேன். அதுலயும் அடித்தல் இருக்காது."

திரு. ஏ. பிரகாசம் அவர்கள் 1993-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைக்கப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில் ஒன்பது சாட்சிகளுக்கு முன்னால் உரைத்த வாசகம் இது. ஒன்பதில் ஏழு பேர் தர்மகர்த்தாக்கள். எட்டாவது டாக்டர் ஜெயராமன். ஒன்பதாவது கம்ப்யூட்டர். மற்ற எட்டுப் பேரும் அதை மறந்திருந்தால் இந்த வரலாற்றை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஜெயராமன் மறக்கவில்லை.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தர்ம மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதுவதாக இல்லை. தர்மம் செய்கிறவர்களுக்குக் கோபம் அதிகம். அதிலும் தங்கள் பெயரைப் போடாமல் விட்டுவிட்டால் மிகவும் அதிகம். அந்தச் சிறு கோபத்தையாவது அவர்கள் அனுபவிக்கட்டும்.

பிரகாசம் அங்கே பார்மசிஸ்ட். மருந்து கொடுக்கும் ஜன்னலின் கம்பிகளுக்கு உள்பக்கம் அவர். வெளிப்பக்கம் பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி, வெள்ளானூர் என்று நாலாபக்கத்திலிருந்தும் வந்த வியாதிகள். வெளியே இருப்பவர்கள் அவரைக் கம்பவுண்டர் என்று கூப்பிட்டுவிட்டால் போயிற்று.

"கம்பவுண்டா? அது ஆஸ்பத்திரியச் சுத்தி இருக்கு பாரு, செவுரு. அதுங்கிட்டப் போய் மருந்து கேளு. நான் பார்மசிஸ்ட்."

இந்த வாக்கியத்தை நாளைக்குச் சராசரி ஆறு தடவை சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவையின் ஆத்திரத்தோடு சொல்லுவார்.

அவருடைய தகப்பனார் பூந்தமல்லி சப் ரிஜிஸ்தரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதினவர். சுற்றுவட்டாரத்து நிலங்களில் பாதி, அவருடைய பேனா வழியாகத்தான் மனைகளாக மாறின. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அடியில் "இப்பக்கத்தில் அடித்தல் திருத்தல் இல்லை" என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். அடித்தல் இருந்தால் எத்தனை என்று எழுத வேண்டும். மகன் பார்மஸி படித்து மருத்துவமனைக்கு வந்தபோது சொத்தாகக் கொண்டுவந்தது அந்த ஒரு வரியைத்தான். மருந்து ரிஜிஸ்தரில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதை எழுதினார். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எழுதினார். தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். தகப்பனார் பக்கம் முடிந்த பிறகு எழுதுவார். மகன், தன் மேலிருந்த நம்பிக்கையால், பக்கத்தைத் திருப்பியவுடனேயே அடியில் எழுதிவிட்டு அப்புறந்தான் மேலே ஆரம்பிப்பார்.

இந்த நம்பிக்கைக்கு அவருடைய குடும்பம் செலுத்திய கப்பம் கொஞ்சமல்ல. பெண் குழந்தைக்கு ஜெயசீலி என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எழுதியபோது சுழி ஒன்று விட்டுப்போய் ஜெயசிலி ஆகிவிட்டாள். மனைவி அருள்செல்வி சுட்டிக்காட்டினாள்.

"என்னங்க, சீ போடலியே."

"போட்டதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"கொழந்த பேரு ஜெயசீலி."

"இனிமே ஜெயசிலி."

"அடிச்சிட்டு மேல எழுதினா என்ன கொறஞ்சா போயிடும்?"

"அடிச்சு எழுதுறதுக்கு வேற எவனையாவது நீ கல்யாணம் பண்ணியிருக்கணும்."

குழந்தை பத்தாவது சான்றிதழ் வரைக்கும் ஜெயசிலியாகவே போனாள். பூகோள டீச்சர் வகுப்பில் தென் அமெரிக்கா என்று கூப்பிட்டாராம். அப்பாவிடம் சொல்லி அழுதாள். அப்பா, தென் அமெரிக்கா பெரிய கண்டம், அதற்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்டார்.

இப்பேர்ப்பட்டவரிடந்தான் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

அது எதற்கு வந்தது என்று சொல்லிவிட வேண்டும். மருந்து சாப்பிட்டவருக்குப் புதிதாக ஒரு உபத்திரவம் வருகிறது. தடிப்பு, வீக்கம், புண், மயக்கம் என்று எதுவோ. அது வியாதியால் வந்ததா, மருந்தே செய்த வேலையா? டாக்டருக்கே குழப்பமான இந்தக் கேள்வியை அவிழ்ப்பதற்கு, பட்டணத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் பத்துக் கேள்விகள் தயாரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, தெரியாது. பதிலுக்குத் தக்கபடி மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் தீர்ப்பு வரும்: நிச்சயம், அநேகமாக, இருக்கலாம், சந்தேகமே. இந்த நான்கில் ஒன்று. நல்ல ஏற்பாடு. அதில் எந்தக் குற்றமும் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். குற்றமெல்லாம் மனிதர்கள் கணக்கில்தான் வரப்போகிறது.

கம்ப்யூட்டர் வைத்த அறைக்கு ஏ.சி. வந்தது. பொது வார்டில் ஆறு மின்விசிறிகளில் நான்கு 1986-லிருந்து தியானத்தில் இருந்தன. நோயாளிகளுக்கு வேர்க்கலாம்; கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுண்டல் வாசனையோடு போகக் கூடாது. தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓட வேண்டும். கம்ப்யூட்டருக்கு எதெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்று கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் மனப்பாடம். மனிதர்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அதை வாங்கினார்கள் என்பது நாலாம் நாளே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

புரோகிராம் எழுதிக் கொடுத்த அம்பத்தூர் என்ஜினீயர் ஒரு விஷயம் கேட்டார்.

"சார், தப்பா அடிச்சிட்டா பின்னால போய்த் திருத்திக்க ஒரு வசதி வைக்கட்டுமா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் சார்."

"சாப்ட்டும் இப்படிப் பேசுறியா?"

வசதி வைக்கப்படவில்லை.

முறை இப்படி. உபத்திரவம் என்று வருகிறவர்களைப் பிரகாசம் பெஞ்சில் உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்பார். பதிலை நீலக்கறுப்பு மையில் ரிஜிஸ்தரில் எழுதுவார். ரிஜிஸ்தரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிரிண்டர் கீச்சிட்டுக் காகிதத்தைத் துப்பும். அந்தக் காகிதம் டாக்டர் ஜெயராமனிடம் போகும். அவர் காகிதத்தைப் பார்ப்பார். நோயாளியைப் பார்ப்பது பழைய முறை.

எட்டு மாதத்தில் நாற்பது பேரைக் கேட்டாயிற்று. நிச்சயம்: ஒருவரும் இல்லை. அநேகமாக: ஒருவரும் இல்லை. நாற்பதுக்கு நாற்பது சந்தேகமே. எந்த மருந்தும் எவருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத மருத்துவமனை பூமியில் ஒன்று இருக்கிறது, அது கரையான்சாவடியில் இருக்கிறது என்று தெரிந்தபோது, வேறு யாராவது என்றால் அதிர்ச்சி அடைந்திருப்பார்கள். டாக்டர் ஜெயராமன் பெருமை அடைந்தார். டில்லியில் நடக்க இருந்த மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினார். தர்மகர்த்தாக்கள் வாசலில் பெயின்ட் போர்டு வைத்தார்கள்: "இங்கு மருந்தால் பக்க விளைவுகள் இல்லை என்பது கம்ப்யூட்டர் மூலம் நிரூபிக்கப்பட்டுள்ளது." போர்டு எழுதினவர் "விளைவுகள்" என்பதில் ஒரு முறை அடித்து எழுதியிருந்தார். பிரகாசம் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வார்.

நாற்பத்தோராவதாக வந்தாள் கஸ்தூரி.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். இருபத்தெட்டு வயது. திருவேற்காட்டுக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். வலிப்பு நோய் உண்டு. மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு தடவை வந்துவிட்டது. இரண்டாம் தடவை ஊசி விரலில் இறங்கியது. மூன்றாம் தடவை வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஆனி மாதத்தில் இந்த மருத்துவமனைக்கு வந்து புதிதாக ஒரு வலிப்பு மாத்திரை வாங்கிப்போனாள். இப்போது கையிலும் கழுத்திலும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு. உதடு உரிந்து தொங்கியது. கூட வந்தவன் அவள் புருஷன் வேம்புலி. திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுகிறவன்.

"மாத்திரை ஆரம்பிச்சு எத்தினி நாள்ல இது வந்துச்சு?" பிரகாசம் கேட்டார்.

"பன்னெண்டு நாள் இருக்கும் சார். அம்மா வந்துட்டா." கஸ்தூரி சொல்லும்போதே கையைக் கூப்பினாள்.

"எந்த அம்மா?"

வேம்புலி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா நைனா, திருவேற்காட்லர்ந்து வந்துகினு கீறோம், எந்த அம்மான்னு கேக்கற?"

பிரகாசத்துக்குப் புரியாமல் இல்லை. பூந்தமல்லிச் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கினவர்தான் என்றாலும், அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அம்மை போட்டதை அம்மா வந்ததாகச் சொல்வது தெரியாமல் போகுமா? தெரியாத மாதிரி கேட்பதுதான் விசாரணை என்று நினைத்திருந்தார். "உபத்திரவத்துக்கு வேறு காரணம் உண்டா?" என்ற கேள்விக்கு நேராக "உண்டு, அம்மை" என்று எழுதினார். அதற்கு மதிப்பெண் குறையும்.

"மாத்திரைய நிறுத்துனியா?"

கஸ்தூரி பயந்துபோனாள். "அய்யோ, இல்ல சார்."

"டாக்டர் சொல்லாம நிறுத்துனா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். நிறுத்தவேல்ல."

மூன்றாம் கேள்வி: மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா? நிறுத்தவே இல்லை. ஆகவே "இல்லை". நான்காம் கேள்வி: மறுபடி கொடுத்ததும் மறுபடி வந்ததா? நிறுத்தாததை மறுபடி எப்படிக் கொடுப்பது? ஆகவே அதுவும் "இல்லை".

"அப்பால ஆடியில மறுபடியும் வந்தா சார்," என்றாள் கஸ்தூரி. "இந்த தபா வாயெல்லாம் புண்ணு. கண்ணத் தொறக்கவே முடியல."

"ரெண்டு மாசத்துல ரெண்டு தபா!" வேம்புலியின் குரல் உடைந்தது. "எங்க ஏரியாவுல யாருக்கும் இப்டி ஆனதே கெடையாது சார். கூழு ஊத்தினோம். நான் தீ மிதிச்சேன். இன்னும் இன்னா கொற வச்சோம்னு தெரியலயே. இவளப் பாக்கவே முடியல சார், கோயி கணக்கா சுருண்டுகினு கெடந்தா..."

"கதை வேணாம்ப்பா. ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இரண்டு மாதத்தில் இரண்டு தடவை அம்மை வராது என்று தெரிவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. வேன் ஓட்டுகிறவன் அதைத்தான் கண் கலங்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் பத்துக் கேள்வியில் அழுகைக்குக் கட்டம் இல்லை.

மதிப்பெண்: ஒன்று. தீர்ப்பு: சந்தேகமே. காகிதம் டாக்டர் அறைக்குப் போனது. ஜெயராமன் டில்லி மாநாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் எழுதினார்: அதே மாத்திரை தொடரவும். போன வாரம் மறுபடி வலிப்பு வந்ததாகச் சொல்வதால், தினம் ஒன்றுக்குப் பதில் இரண்டு.

இரண்டு.

கஸ்தூரி சீட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். பிரகாசம் மாத்திரையை எண்ணிக் காகித உறையில் போட்டு நீட்டினார். அவள் அதை வாங்காமல், முந்தானையிலிருந்து பழைய உறை இரண்டை எடுத்துக் கம்பி வழியாகத் தள்ளினாள்.

"பழசு கீது சார். அத்தக் கழிச்சிகினு குடுங்க. பாவம், வேற யார்க்காவது ஆவும்."

இந்தச் சிக்கனத்தைப் பாராட்டி அவர் பழைய உறைகளைக் கொட்டி எண்ணினார். நாற்பத்தாறு. மறுபடி எண்ணினார். நாற்பத்தாறேதான். ஆனியில் முப்பது, ஆடியில் முப்பது, ஆக அறுபது கொடுத்ததாக அவருடைய ரிஜிஸ்தர் சொன்னது. ரிஜிஸ்தர் பொய் சொல்லாது.

"ஏம்மா, இது ரெண்டு மாச மாத்திரை. ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. நிறுத்தலன்னு சொன்னியே?"

"நிறுத்தல சார்."

"அப்ப இது இன்னா, உறைக்குள்ள குட்டி போட்டுச்சா?"

வேம்புலி ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "தோ பாரு சார், பொம்பளகிட்ட மருவாதியா பேசு."

"மரியாதையா? நாப்பத்தாறு மாத்திரைய வீட்ல வச்சிகினு, ஒழுங்கா சாப்ட்டேன்னு எங்கிட்டயே பொய் சொல்றா. அதை நான் மையில எழுதியிருக்கேன்யா!"

"யார் பொய் சொன்னது?" இப்போது கஸ்தூரிக்குக் கோபம் வந்தது. உரிந்த உதட்டோடு வந்த கோபம்; வலித்திருக்கும். "அம்மா வந்து குந்திகினு கீறப்போ எப்டி சார் மாத்திர சாப்புட்றது? ஊட்ல தாளிக்கக்கூட மாட்டோம். வேப்பலதான், எளநிதான். தலைக்குத் தண்ணி ஊத்தினப்பறம் மறுபடி மாத்திர போட்டேன். ரெண்டாம் நாளே திரும்பியும் அவ வந்துட்டா. திரும்பியும் வேப்பல."

"அப்ப நிறுத்திட்ட!"

"நான் எங்க சார் நிறுத்தினேன்? அவ வந்தா. மாத்திர தானா நின்னுச்சு."

பிரகாசத்தின் வாய் அடுத்த வசவுக்காகத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"கேட்டீங்களே," என்றான் வேம்புலி, "நிறுத்தினியா நிறுத்தினியான்னு போலீஸ்காரன் கணக்கா! நாங்களா நிறுத்தினா அது தப்பு. அவ வந்தா நிறுத்தறதா அது? அம்மா வந்தப்போ மாத்திர சாப்டியான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

வரிசையில் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "யோவ் கம்பவுண்டரு, பஞ்சாயத்த அப்பால வச்சிக்கோ, மருந்தக் குடு!"

கம்பவுண்டர் என்று கூப்பிட்டது பிரகாசத்தின் காதில் விழவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அது முதல் தடவை.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். மாத்திரை பன்னிரண்டு நாள், அம்மா வந்தாள். மாத்திரை நின்றது, அம்மா போனாள். மறுபடி மாத்திரை, இரண்டே நாள், மறுபடி அம்மா. மாத்திரை நின்றது, மறுபடி போனாள். பன்னிரண்டும் இரண்டும் பதினான்கு. அறுபதில் பதினான்கு போக நாற்பத்தாறு. கஸ்தூரி ஒரு மாத்திரைகூடப் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை வந்தது அம்மனல்ல. அவர் கையால் எண்ணி உறையில் போட்டுக் கொடுத்த மாத்திரை. அம்மன் பெயரைச் சொல்லி வேப்பிலையைக் கட்டியதால்தான் அந்தப் பெண் பிழைத்திருக்கிறாள். படித்தவர்கள் பேச்சைக் கேட்டு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இந்நேரம் ஜன்னலுக்கு வந்திருக்க மாட்டாள். இப்போது மூன்றாம் தடவைக்கு, ஒன்றுக்கு இரண்டாக, அவரே எண்ணி நீட்டிக்கொண்டிருக்கிறார்.

நிறுத்தினாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவார்கள். மாத்திரையை நிறுத்தினவர்களை இதே ஜன்னலில் வைத்து இருபத்திரண்டு வருஷம் கிழித்துத் தோரணம் கட்டினது யார்?

"பழசு இங்கயே இருக்கட்டும்," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"புதுசு சார்?"

"கெடையாது. ரெண்டு பேரும் ஒக்காருங்க. எங்கயும் போவாதீங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டு ஏ.சி. அறைக்குள் போனார். நர்ஸ் சகாயமேரி பதறினாள். "சார், செருப்பு! செருப்போட போறீங்க!"

"இருக்கட்டும் சிஸ்டர். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

பழைய பதிவைத் திருத்த வழியில்லை. அந்த வழியை அடைத்தவர் அவரே. ஆகவே புதிய நோயாளி மாதிரி முதலிலிருந்து ஏற்றினார். மூன்றாம் கேள்வி: ஆம். நான்காம் கேள்வி: ஆம். வேறு காரணம் உண்டா? இல்லை. திரை ஒரு விநாடி யோசித்தது. மதிப்பெண்: ஒன்பது. எட்டு மாதத்தில் ஒரு தடவையும் கண்ணில் படாத சொல், பச்சையாக வந்து நின்றது. நிச்சயம்.

டாக்டர் ஜெயராமன் இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஒரே பேஷண்ட். காலையில ஒண்ணு, இப்ப ஒன்பது. என்ன பிரகாசம் இது?"

"காலையில நான் தப்பாக் கேட்டுட்டேன் சார். அந்த மாத்திரை அவளுக்கு ஆகாது. இன்னொரு தடவை குடுத்தா உசுருக்கே ஆபத்து. வேற மாத்திரை எழுதுங்க."

"ரிஜிஸ்தர்ல என்ன இருக்கு?"

"மாத்திரைய நிறுத்தலன்னு இருக்கு."

"உங்க ரிஜிஸ்தர் தப்பா இருக்குமா?"

பிரகாசம் ஒன்பது போட்ட காகிதத்தை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"ஏழு தர்மகர்த்தா முன்னால நின்னு சொன்னீங்க. ஒரு அடித்தல் காட்டுங்க, பஞ்சர் கடை வைக்கிறேன்னு. நான் அதை நம்பித்தான் கட்டுரையே எழுதியிருக்கேன். நாப்பது கேஸ், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கேன். அடுத்த வாரம் டில்லி. இப்ப வந்து ஒன்பதுங்கறீங்க."

"அந்தப் பொண்ணோட வாயப் பாத்தீங்களா சார்?"

"அதுக்குத்தானே பத்துக் கேள்வி வச்சிருக்கோம்?"

இதைச் சொல்லும்போது டாக்டர் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. மனப்பூர்வமாகச் சொன்னார். அவரைத் திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் சென்னையில் நிறைய உண்டு. வேம்புலியிடம் கேட்டால் இலவசமாகத் தருவான். ஆனால் மனப்பூர்வமாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

"தோ பாருங்க," என்றார் டாக்டர். "பிரிண்ட் எத்தனை வேணும்னாலும் வரும். ரிஜிஸ்தர்ல என்ன இருக்கோ அதுதான் ஆதாரம். ரெண்டும் ஒத்துப்போனா மாத்தி எழுதறேன். இல்லேன்னா காலையில எழுதினது எழுதினதுதான். மாத்திரையக் குடுத்து அனுப்புங்க."

பிரகாசம் வெளியே வந்தார். பெஞ்சில் கஸ்தூரி உதட்டில் முந்தானையை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேம்புலி எழுந்து நின்றான்.

"இன்னா சார் ஆச்சு? இன்னா சொல்றாரு?"

"இருப்பா."

ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். வேம்புலியும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றுகொண்டான். ரிஜிஸ்தர் மேஜைமேல் விரிந்தது. அந்தப் பக்கத்து வரிகளெல்லாம் முத்து முத்தாக இருந்தன. அடியில், பக்கத்தைத் திருப்பிய அன்றைக்கே எழுதியது: இப்பக்கத்தில் அடித்தல் திருத்தல் இல்லை.

பேனாவின் மூடியைக் கழற்றினார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. பயம் என்று சொல்ல முடியாது. அவருக்கு அடிக்கத் தெரியவில்லை. எப்படி அடிப்பது என்று யோசித்தார். தகப்பனார் சொல்லுவார்: குறுக்கே ஒரே கோடு, அடித்தது என்ன என்று படிக்க முடிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம். நாற்பத்தோராம் பதிவில் மூன்றாம் கட்டத்தில் இருந்த "இல்லை"யின் மேல் ஒரே கோடு. நான்காம் கட்டத்திலும் இழுத்தார். "உண்டு, அம்மை" மீதும் இழுத்தார். மேலே சரியான பதில்களை எழுதினார். கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

ஜெயராமன் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கஸ்தூரியின் தழும்பைக் கண்டிருந்தாலும் அவர் முகம் அந்த அளவுக்கு வெளுத்திருக்காது. சீட்டை எடுத்தார். பழைய மாத்திரையை நீக்கி வேறொன்றை எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"இது ஒண்ணோட போச்சு இல்ல?"

"தெரியாது சார். நாப்பது பேரையும் இதே மாதிரிதான் கேட்டேன். மறுபடி கூப்பிட்டுக் கேக்கணும்."

சீட்டின் மேல் பிரகாசம் பெரிய எழுத்தில் எழுதினார்: பழைய வலிப்பு மாத்திரை கஸ்தூரிக்கு ஆகாது, எந்த ஆஸ்பத்திரியிலும் கொடுக்க வேண்டாம். அவசரத்தில் "கஸ்துரி" என்று வந்துவிட்டது. அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் கதவருகில் நின்றவனிடம் கொடுத்தார்.

வேம்புலி திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா சார், அடிச்சி எய்தி கீற?"

"ஆமாப்பா. தப்பா எழுதிட்டேன்."

பிறகு ரிஜிஸ்தரின் அடிக்குப் போனார். "இல்லை"யை அடித்து "மூன்று" என்று எழுதினார். மூடியைப் போடப் போனவர் நின்றார். "இல்லை"யை அடித்ததும் ஓர் அடித்தல் ஆயிற்றே. "மூன்று" தப்பு. அதையும் அடிக்க வேண்டும். அடித்தால் அது ஒன்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு "மூன்றை" அடித்தார். பக்கத்தில், முன்னைக் காட்டிலும் சிறிய எழுத்தில், "ஐந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.